ரூட்டுக்குத் திறக்காத சாளரம்

லினக்ஸ் கணினியில் ரூட் என்ற பயனரால் ஆகாதது இல்லை. எவருடைய கோப்பையும் படிக்கலாம், எவருடைய நிரலையும் பாதியில் நிறுத்தலாம், வட்டு முழுவதையும் ஒரே கட்டளையில் அழித்துவிடலாம். அந்த ரூட்டின் பெயரில் ஒரு சாதாரண எழுத்துத் தொகுப்பியைத் திறக்கப் போனால் மட்டும் ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று ஒற்றை வரியில் பதில் வந்து நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் தடுமாறுவது இருக்கட்டும், பத்துப் பதினைந்து ஆண்டு பழகியவர்களே பதிப்பு மாறும்போதெல்லாம் இதே இடத்தில் சிக்குகிறார்கள். காரணம், இது ஒரே கோளாறு அல்ல. வெளியே ஒரே முகம் காட்டும் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதால்தான் நேற்று வேலை செய்த வழி இன்று வேலை செய்யாமல் போகிறது.

மெனுவில் சொடுக்கினால் சுட்டி கொஞ்ச நேரம் சுழலும், பிறகு ஒன்றும் நடக்காது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதே நிரலை டெர்மினலில் பெயர் கொடுத்து இயக்கினால்தான் அது என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று தெரியும். அது சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. க்யூடி என்ற சாளரக் கருவித்தொகுப்பு கொண்டு எழுதிய நிரல்கள் விழும்போது, ‘எக்ஸ்சிபி’ பிளக்இன் இருக்கிறது, ஆனால் ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, நிரலை மறுபடி நிறுவினால் சரியாகலாம் என்று யோசனையும் சொல்லும். அதை நம்பி நிரலை அழித்து நிறுவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. நிறுவலில் ஒரு குறையும் இருக்காது. திரையோடு தொடர்பு கிடைக்கவில்லை என்ற உண்மைக் காரணம் அதே செய்தியில் ஒரு வரி மேலே, யாரும் படிக்காத இடத்தில் இருக்கும். இன்னொரு கருவித்தொகுப்பான ஜிடிகே கொண்டு எழுதிய நிரல்கள் நேர் எதிர். ‘டிகான்ஃப்’ எழுத முடியவில்லை, ‘கேன்பரா’ தொகுதி கிடைக்கவில்லை என்று திரை நிறையப் புலம்பிவிட்டு ஒழுங்காகத் திறந்துகொள்ளும். அந்தப் புலம்பலைத் துரத்திக்கொண்டு போவது வீண் வேலை.

திரைக்கும் ரூட்டுக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பது எக்ஸ் விண்டோ அமைப்பின் பிறப்பிலேயே இருக்கிறது. 1984-இல் எம்ஐடியில் தொடங்கி, 1987-இல் எக்ஸ்11 என்ற வடிவத்துக்கு வந்த அமைப்பு அது. நிரல் ஒரு கணினியில் ஓடும், அதன் சாளரம் வலைவழியே இன்னொரு கணினியில் தெரியும் என்பதுதான் அடிப்படை எண்ணம். ஆகவே சாளரம் வரைய வேண்டும் என்று வருகிற எந்த நிரலையும் எக்ஸ் சர்வர் ஒரு வெளியாளாகவே பார்க்கிறது. வந்திருப்பவர் ரூட்டா, சாதாரணப் பயனரா என்பது அதற்கு ஒரு தகுதியே அல்ல. இந்தத் திரையைத் திறந்தவர் கொடுத்த அனுமதி கையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கோயிலின் நிலம், நகை, உண்டியல் எல்லாம் அறங்காவலர் பொறுப்பில் இருந்தாலும் கருவறைக்குள் அவர் கால்வைக்க முடியாது அல்லவா, ரூட்டின் நிலையும் அதுதான்.

அனுமதி என்பது 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண். எக்ஸ் உலகில் அதற்கு எம்ஐடி மேஜிக் குக்கீ என்று பெயர். பயனர் உள்நுழையும்போது புதிதாக உருவாகி, அவருடைய ஹோம் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பில் உட்காரும். ஜிடிஎம் என்ற உள்நுழைவு நிரல் வழியாக நுழைகிறவர்களுக்கு அந்தக் கோப்பு ஹோமில் இருக்காது, தற்காலிகமான ரன் கோப்புறைக்குள் இருக்கும். ஒரு நிரல் திரையை எட்ட இரண்டு விவரம் தேவை. எந்தத் திரை என்பதை டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி சொல்லும், குக்கீ எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்அத்தாரிட்டி என்ற சூழல் மாறி சொல்லும்.

இந்த இரண்டில் எது காணாமல் போனது என்பதைப் பிழைச் செய்தியிலேயே படித்துவிடலாம். ‘கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்ற வரியின் கடைசியில் முக்காற்புள்ளிக்குப் பிறகு வெற்றிடம் என்றால், டிஸ்ப்ளே மாறியே வந்து சேரவில்லை. நிரலுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. அதே இடத்தில் :0 அல்லது :1 என்று இருந்து, மேலே ‘நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைட்’ என்றும் வந்திருந்தால் கதவைத் தட்டியாகிவிட்டது, காட்ட குக்கீ இல்லை. குக்கீ செல்லாது என்று வந்தால் பழைய அமர்வின் குக்கீயைக் கொண்டு போயிருக்கிறது. பலரும் இந்த மூன்றையும் ஒன்றாகவே பார்த்துவிட்டு, கிடைத்த கட்டளையை ஒட்டிப் பார்க்கிறார்கள்.

மாறிகள் எங்கே தொலைகின்றன? பெரும்பாலும், ரூட் ஆவதற்குப் பயன்படும் எஸ்யூ, சூடோ என்ற இரண்டு கட்டளைகளில். டெபியன்காரர்கள் 2019-இல் பத்தாம் பதிப்புக்கு வந்தபோது இதில் அழகாக மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பதிப்பில் எஸ்யூ கட்டளை வேறொரு தொகுப்பிலிருந்து வரத் தொடங்கியது. வெறும் எஸ்யூ போட்டு ரூட் ஆனால், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறி பழைய பயனருடையதாகவே இருந்துவிடும். நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் கோப்புறை அதில் இருக்காது. ஆக, நிறுவியிருக்கும் ஜிபார்ட்டெட் என்ற வட்டுப் பிரிப்பு நிரலையே ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று சொல்லிவிடும். இதற்குச் சரியான பரிகாரம் எஸ்யூவோடு ஒரு சிறு கோடு சேர்ப்பது. அது ரூட்டின் சூழலை முழுக்கப் புதிதாக அமைத்துத் தரும். அமைக்கும் வேகத்தில் டிஸ்ப்ளேயையும் துடைத்துவிடும். ஒரு பிழையைத் திருத்தப் போய் அடுத்த பிழைக்குள் விழுகிறோம். ஃபெடோராவிலும் ரெட் ஹாட்டிலும் இருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது. அங்கே எஸ்யூ நடக்கும்போதே பேம் எக்ஸ்ஆத் என்ற சிறு தொகுதி குக்கீயைப் பிரதி எடுத்து ரூட்டிடம் கொடுத்துவிடும். ஃபெடோராக்காரர் சொன்ன வழி டெபியன்காரருக்குப் பலிக்காமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

சூடோ கொஞ்சம் நிதானமானது. சூழல் மாறிகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டாலும், டிஸ்ப்ளே, எக்ஸ்அத்தாரிட்டி இரண்டையும் விட்டுவைக்க வேண்டிய பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே எக்ஸ் மேசையில் சூடோ போட்டு ஒரு சாளர நிரலைத் திறந்தால் பெரும்பாலும் திறந்துவிடும். இங்கே ஆபத்து திறக்காமல் போவதில் இல்லை, திறந்துவிடுவதில்தான் இருக்கிறது. உபுண்டுவில் 19.10 பதிப்பு வரும்வரை சூடோ ஹோம் மாறியைத் தொடாமல் இருந்தது. நிரல் ரூட்டாக ஓடும், ஆனால் தன் அமைப்புக் கோப்புகளை உங்கள் ஹோம் கோப்புறையில் எழுதும். எழுதிய கோப்புக்கு ரூட் உரிமையாளர் ஆகிவிடும். அப்படி ரூட் கைக்குப் போனது எக்ஸ்அத்தாரிட்டியாகவோ ஐசிஇஅத்தாரிட்டியாகவோ இருந்தால் அடுத்த நாள் காலையில் தெரியும். சரியான கடவுச்சொல் கொடுப்பீர்கள், திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் உள்நுழைவுத் திரையிலேயே வந்து நிற்கும். கடவுச்சொல் தவறு என்றும் சொல்லாது.

இதற்காகக் கணினியை அழித்து நிறுவ வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள முனையம் வரும். அங்கே உள்நுழைந்து, மறைந்த கோப்புகளையும் காட்டும்படி பட்டியல் எடுத்தால், மற்ற வரிகளிலெல்லாம் உங்கள் பெயர் இருக்க, ஒன்றிரண்டு வரிகளில் மட்டும் ‘ரூட் ரூட்’ என்று இருக்கும். அவற்றின் உரிமையைச் சௌன் கட்டளையால் உங்கள் பெயருக்குத் திருப்பினால் போதும். எக்ஸ்அத்தாரிட்டியை நீக்கினாலும் தவறில்லை, அடுத்த உள்நுழைவில் அது தானே பிறக்கும். உள்நுழைவு சரியாக இருந்து, திரையின் நிறமோ எழுத்துருவோ மாற்றினால் நிலைக்க மாட்டேன் என்றால், ரன் கோப்புறைக்குள், அமைப்புகளைக் கையாளும் டிகான்ஃப் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். சூழல் முழுவதையும் அப்படியே கொண்டுபோகச் சொல்லும் -இ விருப்பத்தோடு சூடோ போடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். உபுண்டு 25.10 முதல் இயல்பாக வரும் ரஸ்ட் மொழிச் சூடோவில் அந்த விருப்பமே பலிக்காது என்பது ஒருவகையில் நல்லதுதான்.

நோய் குக்கீயில்தான் என்று தெரிந்தவுடன் பெரும்பாலோர் நாடும் மருந்து, திரைக்கு யார் வரலாம் என்று சொல்லும் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளை. அதில் ஒரு கூட்டல் குறி மட்டும் போட்டால் எல்லாம் திறந்துகொள்ளும். திறந்துகொள்ளும் என்பது உண்மைதான், அந்தக் கணினியை எட்டக்கூடிய எவருக்கும் அனுமதி சோதனை இல்லாமல் போய்விடும். எக்ஸ் அமைப்பில் திரைக்குள் நுழைந்த ஒரு நிரல், மற்ற நிரல்களில் நீங்கள் தட்டும் விசைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். இந்தக் கட்டளையை உள்நுழையும்போதே ஓடும்படி தொடக்கக் கோப்பில் எழுதிவைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ஹோஸ்ட்தான் வேண்டும் என்றால் ‘எஸ்ஐ:லோக்கல்யூசர்:ரூட்’ என்று குறித்துக் கொடுத்தால், இதே கணினியின் ரூட்டுக்கு மட்டும் அனுமதி கிடைக்கும். வேலை முடிந்ததும் கூட்டலைக் கழித்தலாக்கித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வரில் ரூட்டாகச் சாளரம் திறப்பவர்களுக்கு இதுவும் உதவாது. அங்கே குக்கீயைச் சரிபார்ப்பது எஸ்எஸ்ஹெச் நிரல். பயனரின் குக்கீயை எக்ஸ்ஆத் பட்டியலிலிருந்து எடுத்து ரூட்டின் பட்டியலில் சேர்ப்பதுதான் வழி. ஹோம் கோப்புறை என்எஃப்எஸ் என்ற வலைக் கோப்பு முறை வழியாக வருகிற கல்லூரி ஆய்வகங்களில் இன்னொரு திருப்பம் உண்டு. அங்கே ரூட்டுக்கே அந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இருக்காது.

இந்தச் சிக்கல்கள் எதுவும் பயனருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் ஜிகேஎஸ்யூ, கேடிஇஎஸ்யூ போன்றவை வந்தன. கடவுச்சொல் கேட்டு, குக்கீயைப் பிரதி எடுத்து, ஹோமை மாற்றி, நிரலைத் திறந்து கொடுக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பராமரிக்க ஆளில்லாமல் ஜிகேஎஸ்யூவை 2018-இல் டெபியனும் உபுண்டுவும் கைவிட்டன. பழைய கையேடுகளைப் பார்த்து ஜிகேஎஸ்யூ என்று தட்டுகிறவர்களுக்கு இன்று கட்டளையே இல்லை என்ற பதில்தான்.

அதன் இடத்துக்கு வந்ததாகப் பலர் நினைப்பது பிகேஎக்ஸெக். போல்கிட் என்ற அனுமதி அமைப்பின் ஒரு துண்டு அது. ஜிகேஎஸ்யூவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிகேஎக்ஸெக் என்று எழுதினால் பழைய பிழையே திரும்ப வரும். ஏனென்றால் அது டிஸ்ப்ளேயையும் எக்ஸ்அத்தாரிட்டியையும் வேண்டுமென்றே கொண்டுபோவதில்லை. சாளர நிரல் வேண்டும் என்றால் அந்த நிரலுக்கென ஒரு கொள்கைக் கோப்பு எழுதி, அதில் சாளரத்துக்கு அனுமதி உண்டு என்று ஒரு வரி சேர்த்து, போல்கிட்டின் ஆக்‌ஷன்ஸ் கோப்புறையில் வைக்க வேண்டும். மென்பொருளைத் தொகுக்கிறவர் செய்ய வேண்டிய வேலை இது. அவர் செய்யாவிட்டால் ‘என்வ்’ கட்டளையை நடுவில் வைத்து இரண்டு மாறிகளையும் கையால் கொடுக்கும் குறுக்குவழி உண்டு. அப்போதும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிகேஎக்ஸெக் நிரலைத் தொடங்குவது ரூட்டின் ஹோமிலிருந்து. இருக்கும் கோப்புறையை நம்பி வெறும் கோப்புப் பெயர் மட்டும் கொடுத்தால் வெற்றுக் கோப்பு திறக்கும்.

போல்கிட்டில் மௌனமாக விழும் கோளாறு இன்னொன்று. கடவுச்சொல் கேட்கும் பெட்டியைக் காட்டுவது போல்கிட் அல்ல, அதற்கென மேசைச் சூழல் ஓட்டும் ஏஜென்ட். க்னோம், கேடிஇ இரண்டும் அதைத் தாமே தொடங்கிவிடும். ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற மெலிந்த சாளர மேலாளர்களைத் தனியாக நிறுவிக்கொள்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். மெனுவில் சொடுக்கினால் பெட்டி வராது, பிழையும் வராது. டெர்மினலில் தட்டினால் பிகேஎக்ஸெக் எழுத்திலேயே கடவுச்சொல் கேட்டுத் திறந்துவிடும். ‘டெர்மினலில் வருகிறது, மெனுவில் வரவில்லை’ என்ற குறை எங்கே கேட்டாலும் நான் முதலில் ஏஜென்ட் ஓடுகிறதா என்றுதான் பார்ப்பேன்.

பாதுகாப்புக்காக வந்த இந்தப் பிகேஎக்ஸெக்கும் குற்றமற்றதல்ல. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் அதில் ஒரு ஓட்டையை வெளியிட்டது. எந்தச் சாதாரணப் பயனரும் அதைக்கொண்டு ரூட் ஆகிவிட முடிந்தது. அந்த ஓட்டை 2009 மே மாதம் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்தது.

அடுத்து, எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட். 2016 நவம்பரில் ஃபெடோரா 25 க்னோமை வேலண்டில் ஓட்டத் தொடங்கியதும், மறு ஆண்டு உபுண்டு 17.10 அதைப் பின்தொடர்ந்ததும் ஜிபார்ட்டெட்டும் சினாப்டிக் என்ற தொகுப்பு மேலாளரும் ஒரே நாளில் திறக்காமல் போயின. ‘வேலண்டில் ரூட் நிரல் ஓடாது’ என்ற பேச்சு அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. அது பாதி உண்மை. வேலண்ட் நெறிமுறையில் ரூட்டைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அன்று தடுத்தது எக்ஸ்வேலண்ட். பழைய எக்ஸ் நிரல்களுக்காக வேலண்டுக்குள் ஓடும் அந்தச் சர்வர், அமர்வைத் திறந்த பயனரைத் தவிர வேறு எவரையும் ஏற்கவில்லை, காட்டுவதற்குக் குக்கீக் கோப்பும் இல்லை. பின்னால் வந்த க்னோம் பதிப்புகளில் எக்ஸ்வேலண்டுக்கும் ஒரு குக்கீக் கோப்பு கிடைத்தது. சூடோ எக்ஸ்அத்தாரிட்டி மாறியைக் கொண்டுபோவதால் இன்றைய க்னோமில் சூடோவோடு ஜிபார்ட்டெட் திறந்துவிடுகிறது.

வேலண்டை மட்டுமே அறிந்த நிரல் என்றால் கதை வேறு. அது தேடுவது உங்கள் ரன் கோப்புறையில் இருக்கும் ஒரு சாக்கெட்டை. அதைக் காட்டும் வேலண்ட் டிஸ்ப்ளே மாறி சூடோவின் பட்டியலில் இல்லை. அந்த மாறிக்குச் சாக்கெட்டின் முழுப் பாதையையே மதிப்பாகக் கொடுத்தால் ரூட் நிரல் திறக்கும். ரன் கோப்புறையைக் காட்டும் மாறியையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது தேவையில்லை என்பதோடு, மேலே சொன்ன டிகான்ஃப் தொல்லையையும் கூட்டிவரும்.

அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் தானே மறுத்துவிடும் நிரல்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம். விஎல்சி ரூட்டாக ஓடாது, குரோம் தன் பாதுகாப்புக் கூண்டை அவிழ்க்காமல் ரூட்டாக ஓடாது, ஃபயர்ஃபாக்ஸ் வேறொருவர் அமர்வுக்குள் ரூட்டாக ஓடாது. இவற்றைச் சரிசெய்யவே கூடாது. எப்போதும் ரூட்டாகவே நுழையும் பழக்கத்துக்குப் பேர்போன காளி லினக்ஸே 2020-இன் முதல் பதிப்பில் அதைக் கைவிட்டு, சாதாரணப் பயனருக்கு மாறிவிட்டது.

மறுப்பதில் கேடிஇ செய்தது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 2017-இல் கேட் தொகுப்பியும் டால்பின் கோப்பு மேலாளரும் ரூட்டாக இயங்க முடியாதபடி மாற்றப்பட்டன. பயனர்கள் கொதித்தார்கள். என் கணினியில் நான் என்ன செய்வது என்று சொல்ல நீ யார் என்ற கோபம் அது. ஆனால் உருவாக்கியவர்கள் காட்டிய ஆபத்து கற்பனை அல்ல. எக்ஸ் திரையில் ஒரு நிரல் இன்னொரு நிரலின் விசைகளைக் கேட்பதோடு, விசைகளை அனுப்பவும் முடியும். ரூட்டாகத் திறந்த டால்பினுக்குள் ஒரு டெர்மினல் பகுதியும் உண்டு. சாதாரணப் பயனராக ஓடும் ஏதோ ஒரு தீய நிரல் அந்தப் பகுதிக்குள் கட்டளை தட்டினால் கணினி அதன் கையில். தடையை முதலில் போட்டுவிட்டு மாற்று வழியைப் பிறகு தேடியதுதான் கேடிஇயின் பிசகு என்பது என் கருத்து. டால்பினில் தடை பின்னர் ஓரளவு தளர்ந்தது.

மாற்று வழி எதுவென்று கேட்டால், வேலையில் எந்தத் துளிக்கு ரூட் வேண்டும் என்று பிரித்துப் பார்ப்பது. எஃப்ஸ்டாப் கோப்பைத் திருத்த வேண்டும் என்றால் எழுத்துருவை வரைவதற்கும் மெனுவைத் திறப்பதற்கும் ரூட் எதற்கு? கடைசியில் சேமிக்கும் அந்த ஒரு கணத்துக்குத்தான் வேண்டும். இன்றைய கேட் அப்படித்தான் செய்கிறது. உங்கள் பெயரிலேயே திறக்கும், சேமிக்கும்போது மட்டும் கடவுச்சொல் கேட்கும். க்னோமில் கோப்பின் பாதைக்கு முன்னால் ‘அட்மின்’ என்று சேர்த்துத் திறந்தால் அதே பலன். டால்பினுக்கும் இதே வசதியைத் தனித் தொகுப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவை எதுவும் இல்லாத இடத்தில் சூடோஎடிட் இருக்கிறது. கோப்பைத் தற்காலிகப் பிரதி எடுத்து, உங்களுக்குப் பழகிய தொகுப்பியில் உங்கள் பெயரிலேயே திறந்து, மூடியதும் மூலக் கோப்பில் எழுதிவிடும். இவ்வளவு பழைய, இவ்வளவு ஒழுங்கான வழி இருக்கும்போது சூடோவோடு ஜிஎடிட் தொகுப்பியை இன்னும் பரிந்துரைக்கும் கையேடுகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

வயர்ஷார்க் இதை இன்னும் துல்லியமாகச் செய்தது. வலையில் ஓடும் பொட்டலங்களைப் பிடிக்கச் சிறப்பு அனுமதி வேண்டும், பிடித்ததைப் பிரித்துப் படிக்க வேண்டாம். பிரித்துப் படிக்கும் பகுதிதான் 15 லட்சம் வரிகளைத் தாண்டிய நிரல். எங்கிருந்தோ வரும் நம்பத்தகாத தரவோடு மல்லுக்கட்டுவதும் அதுதான். ஆகவே பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சிறு நிரலுக்குப் பிரித்துக் கொடுத்து, அதற்கு மட்டும் இரண்டு வலை அனுமதிகளை ஒட்டிவிட்டார்கள். டெபியனில் வயர்ஷார்க் தொகுப்பை மறு அமைப்பு செய்து, உங்கள் பெயரை வயர்ஷார்க் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தால் முடிந்தது. வெளியேறி நுழைவதை மறந்துவிட்டு ‘சேர்த்தும் வரவில்லை’ என்பவர்களே அதிகம். க்னோமின் வட்டு நிரலும் இதே வகை. சாளரம் உங்கள் பெயரில் ஓடும், வட்டைத் தொடுவது பின்னால் ரூட்டாக ஓடும் யூடிஸ்க்ஸ் சேவை, நடுவில் போல்கிட் கேள்வி கேட்கும். குக்கீ, டிஸ்ப்ளே பிரச்சினை எதுவும் அங்கே எழுவதற்கே இடமில்லை.

பிரிக்க முடியாமல் மிஞ்சியிருப்பவற்றில் பெரியது ஜிபார்ட்டெட். வட்டுப் பகுதிகளைக் கணக்கிட்டு மாற்றும் லிப்பார்ட்டெட் நூலகம் சாளரம் ஓடும் அதே நிரலுக்குள் கோத்திருக்கிறது. இரண்டையும் பிரிப்பது என்றால் நிரலை ஏறக்குறைய முதலிலிருந்து எழுதுவது. ஆகவே அதைத் தொடங்கும் ஷெல் கோப்பில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் எக்ஸ்ஹோஸ்ட்டை ஓட்டி ரூட்டுக்கு மட்டும் திரையில் அனுமதி வாங்கும், போல்கிட் வழியாகக் கடவுச்சொல் கேட்டு நிரலைத் திறக்கும், நீங்கள் மூடியதும் அந்த அனுமதியைத் தானே திரும்பக் கொடுத்துவிடும். ஜிபார்ட்டெட் திறக்கவில்லை என்றால் அந்த ஷெல் கோப்பைத் தொகுப்பியில் திறந்து படியுங்கள். எக்ஸ்ஹோஸ்ட் உங்கள் கணினியில் நிறுவப்படாமல் இருக்கலாம். அப்படியானால் அந்தப் படியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.